கணக்கில் பணம் இருந்தும் செக் திரும்பிவிட்டது. தவறு தங்களுடையது என்று வங்கியிடம் எழுதி வாங்குவது எப்படி?

நோட்டுக்காரம்மா:

வணக்கம். நான் பள்ளி நோட்டுகள் தைத்து பைண்டிங் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து ஆறு பேர் வேலை செய்கிறோம். பத்தொன்பது வருடமாக ஒரே கடையில்தான் காகிதம் வாங்குகிறேன். கடைக்கார அண்ணாச்சி முப்பது நாள் கடனில் லோடு அனுப்புவார். இறக்கும்போதே தேதி போட்ட செக் கைக்கு வந்துவிட வேண்டும், அப்போதுதான் அவருக்கு நிம்மதி. இத்தனை வருடத்தில் என் செக் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. ஆகஸ்ட் 12-ஆம் தேதி திரும்பிவிட்டது.

தொகை 86,400 ரூபாய். அன்று காலை என் கணக்கில் 1,41,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. செக்கோடு வங்கி அனுப்பிய ரிட்டர்ன் மெமோவில் போட்டிருந்த காரணம்: கையொப்பம் வேறுபடுகிறது.

கையெழுத்து மாறியது உண்மைதான். மார்ச் மாதம் பட்டறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல்கள் பழையபடி வளைவதில்லை. முழுப் பெயரையும் சுழித்து எழுதும் பழைய கையெழுத்து இனி வராது என்று தெரிந்ததும், இன்ஷியலும் பெயரின் முதல் பாதியும் மட்டும் வைத்து ஒரு சின்னக் கையெழுத்தைப் பழகிக்கொண்டேன். ஜூன் 3-ஆம் தேதி கிளைக்குப் போய், விண்ணப்பம், ஆதார் நகல், மருத்துவச் சான்று, புதிய மாதிரிக் கையெழுத்து எல்லாம் கொடுத்தேன். என்னிடம் உள்ள நகலில் சீல் போட்டு, தேதி போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு கிளையிலேயே இரண்டு முறை செக் கொடுத்துப் பணம் எடுத்திருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கை குணமாகும்வரை அண்ணாச்சிக்கு நேராகக் கணக்கில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். புதுக் கையெழுத்தில் அவருக்குக் கொடுத்த முதல் செக் இதுதான். 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால், செக்கின் விவரத்தை வங்கிக்கு முன்கூட்டியே சொல்லும் பாசிட்டிவ் பே-யிலும் முதல் நாளே பதிந்துவிட்டேன்.

செக் திரும்பியது தெரிந்த அன்று மதியமே முழுப் பணத்தையும் நெஃப்ட்டில் அனுப்பிவிட்டேன். அவர் வங்கி அவரிடம் பிடித்த 177 ரூபாயையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணாச்சியின் குரல் மாறிவிட்டது. "பரவாயில்லம்மா, இனிமே பணத்த அனுப்பிட்டு லோடு எடுத்துக்கங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கையெழுத்தை மாற்றிப் போட்டு நாள் கடத்தப் பார்த்தேன் என்று நினைத்துவிட்டார். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆடிட்டர் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார் என்று அவர் மகன் வேறு சொன்னார். செக்கும் மெமோவும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

வங்கியில் நடந்ததையும் சொல்கிறேன். கஸ்டமர் கேருக்கு நான்கு முறை போன் செய்தேன். ஒருமுறை இருபத்து மூன்று நிமிடம் காத்திருந்த பிறகு, "கிளையைத்தான் கேட்க வேண்டும்" என்றார்கள். கிளையில், "செக் எல்லாம் இங்கே பார்ப்பதில்லை, சென்ட்ரல் ஆபீஸில்தான் பார்க்கிறார்கள்" என்றார்கள். அந்த ஆபீஸின் நம்பரைக் கேட்டால் அது வாடிக்கையாளர்களுக்குத் தருவதில்லையாம். மூன்று புகார் எண்கள் வாங்கினேன். மூன்றும், "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு மூடப்பட்டன. என்ன தீர்ந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கணக்கில் செக் ரிட்டர்ன் கட்டணம் 590 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். மேலாளர், "வேறு செக் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

590 ரூபாய் வந்தால் நல்லது. ஆனால் எனக்கு முக்கியமாக வேண்டியது, "இந்த செக் திரும்பியது எங்கள் தவறு" என்று வங்கி சீல் போட்டுத் தரும் ஒரு கடிதம். அதை அண்ணாச்சியிடம் காட்ட வேண்டும். அப்படி ஒரு கடிதம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? யாரிடம், எப்படிக் கேட்பது? நோட்டீஸ் வந்தால் என் மேல் வழக்கு நிற்குமா? கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் ஏறுமா?

கிளியரிங்கில் 31 வருடம்:

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் புதுக் கையெழுத்தோடு வேறு யாரிடமாவது செக் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். இருந்தால் அதுவும் திரும்பும். இன்றைக்கே பாருங்கள்.

காரணம் இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செக்குகள் பையில் கட்டி, வங்கிகள் செக்குகளை மாற்றிக்கொள்ளும் கிளியரிங் ஹவுஸுக்குப் போய், அங்கிருந்து அந்தந்தக் கிளைக்கு வரும். கிளையில் இருப்பவர் உங்கள் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிடுவார். உங்களை முகம் தெரிந்தவராகவும் இருப்பார். சென்னையில் 2011 செப்டம்பரில் படம் எடுத்து அனுப்பும் முறை வந்தது. இப்போது செக் போட்ட வங்கியோடு காகிதம் நின்றுவிடும், படம் மட்டும் உங்கள் வங்கியின் மையத்துக்குப் போகும். அங்கே ஒருவர் திரையில் ஒரு பக்கம் செக்கையும் மறுபக்கம் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் பார்த்து, சில நொடிகளில் முடிவு செய்வார். உங்கள் புதுக் கையெழுத்து கிளையின் ஃபைலில் இருந்து, கணினியில் ஏற்றப்படாமல் விட்டிருந்தால், அவர் கண்ணுக்குப் பழையதுதான் தெரியும். கிளையில் பணம் எடுத்தபோது பிரச்சினை வராததற்கு, அங்கே உங்களையும் உங்கள் கட்டுப் போட்ட கையையும் தெரிந்தவர்கள் இருந்ததுதான் காரணமாக இருக்கும்.

பாசிட்டிவ் பே-யில் பதிந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் இருக்கும் அந்த முறை செக் எண், தேதி, யாருக்கு, எவ்வளவு என்பதைத்தான் சரிபார்க்கிறது. கையெழுத்துச் சோதனை தனி.

கிளைக்குப் போய், "என் கணக்கைத் திறந்து, அதில் ஏற்றியிருக்கும் கையெழுத்தை எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அரை நிமிட வேலை. பழையது இருந்தால், உங்கள் எதிரிலேயே புதியதை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லுங்கள். ஒருவர் ஏற்றி, இன்னொரு அதிகாரி அனுமதித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அந்த இரண்டாவது படியில்தான் பலரின் விண்ணப்பம் தூங்கும். எங்கள் பிரிவில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அனுமதியும் முடிந்துவிட்டதா என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

கடிதம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 31-ஐப் படியுங்கள். கணக்கில் போதிய பணம் இருந்து, முறையாகக் கேட்கப்பட்டும் வங்கி செக்கைப் பாஸ் செய்யாவிட்டால், செக் எழுதியவருக்கு ஏற்படும் இழப்பை வங்கி ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அது. செக் பிரச்சினை என்றால் எல்லோரும், செக் எழுதியவர் மேல் வழக்குப் போடும் பிரிவு 138-ஐத்தான் பேசுவார்கள். 31 யார் நினைவுக்கும் வருவதில்லை. உங்கள் மனுவில் அந்த எண்ணை எழுதுங்கள். ரிட்டர்ன் கட்டணத்துக்கும் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வாடிக்கையாளர் மேல் தவறு இருந்தால் மட்டுமே பிடிக்கலாம். உங்களிடம் பிடித்தது மட்டுமில்லை, நீங்கள் அண்ணாச்சிக்குக் கொடுத்த 177 ரூபாயும் உங்கள் இழப்புதான். சின்னத் தொகை என்று விடாதீர்கள். வங்கி அதைத் திருப்பிக் கொடுத்தால் தன் தவறை ஒப்புக்கொண்டதாகும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபம், வருத்தம் எதுவும் அதில் வேண்டாம். ஜூன் 3 நகல், மெமோவின் நகல், அன்றைய இருப்பு தெரியும் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணைத்து, கடைசியில் உங்களுக்கு வேண்டிய வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். "செக் எண் இன்னது, போதிய இருப்பு இருந்தும், வாடிக்கையாளர் ஜூன் 3 அன்று கொடுத்த புதிய கையொப்பத்தை வங்கி பதிவேற்றாத காரணத்தால் திருப்பப்பட்டது" என்று. நீங்கள் எழுதித் தராவிட்டால், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி வரும். அதை வைத்து யாரையும் நம்ப வைக்க முடியாது.

சைக்கிள் உதிரிபாகம்:

நான் அண்ணாச்சியின் இடத்தில் இருந்தவன். அதனால் அவர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் உங்கள் செக்கை நம்பி மில்லுக்குத் தேதி சொல்லியிருப்பார். செக் திரும்பிய அன்று அவர் இன்னொருவரிடம் பொய் சொன்னவராகிவிட்டார். அவர் குரல் மாறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

எனக்கு 2,15,000 ரூபாய் செக் ஒன்று, பணம் போதவில்லை என்று திரும்பியது. கொடுத்தவர் வாரா வாரம், "அடுத்த வாரம்" என்றார். நம்பினேன். மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. 38-ஆவது நாள் வக்கீலிடம் போனேன். செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாததால் தப்பித்தேன். மறுபடியும் வங்கியில் போட்டு, மறுபடி திரும்பிய பிறகு, அந்த மெமோவை வைத்து நோட்டீஸ் அனுப்பினோம். இரண்டாவது முறை திரும்பியதை வைத்தும் வழக்குப் போடலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லாவிட்டால் செக் வழக்கு என் கையை விட்டுப் போயிருக்கும்.

உங்கள் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. கையெழுத்து வேறுபாடு என்றால் 138 வராது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. அதற்கும் வரலாம் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் செக் திரும்பியதாலேயே குற்றம் ஆகிவிடாது. நோட்டீஸ் கைக்குக் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால்தான் குற்றம். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீங்கள் நோட்டீஸுக்கு முன்பே, அதுவும் அன்றைக்கே கொடுத்துவிட்டீர்கள். நெஃப்ட் எண்ணை எழுதி வையுங்கள். நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி, பணம் கொடுத்த விவரத்தைச் சொல்லிப் பதில் அனுப்புங்கள்.

செக்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள், அதுதான் முக்கியம். அண்ணாச்சி நல்லவர்தான், இருந்தாலும் பணம் கொடுத்து முடித்த செக் அவர் மேசை டிராயரில் கிடக்க வேண்டாம். கடையில் வேலை செய்யும் பையன் தெரியாமல் மறுபடி வங்கியில் போட்டுவிட்டால் இரண்டு தடவை பணம் போகும். அது கைக்கு வரும்வரை, அந்த செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்து வையுங்கள், கொடுத்ததை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சிபில் பற்றிக் கேட்டீர்கள். கடன் தவணைக்குக் கொடுத்த செக் திரும்பினால் தவணை தவறியதாகப் பதிவாகும். சரக்கு வாங்கிய செக் அதில் வராது.

நோட்டுக்காரம்மா:

கிளியரிங் ஐயா, உங்கள் முதல் வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பைண்டிங் மிஷின் வாங்கியதற்கு வரப்போகும் தேதிகள் போட்டு ஜூலையில் மூன்று செக் கொடுத்திருக்கிறேன், புதுக் கையெழுத்தில். முதல் செக் செப்டம்பர் 10-ஆம் தேதிக்கு. இன்றைக்கு 4.

காலை பத்து மணிக்கே கிளைக்குப் போய்விட்டேன். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். பழைய கையெழுத்துதான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கை இனி எனக்கு இல்லை, வங்கி மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்கிறது. ஜூன் 3 நகலைக் காட்டினேன். உள்ளே போய் ஒரு கட்டு ஃபைலை எடுத்து வந்தார். என் விண்ணப்பம் அதிலேயே இருந்தது, மேலே யாரோ பென்சிலில் டிக் போட்டிருந்தார்கள். ஏற்றியதாக நினைத்து விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அந்தக் கிளைக்கு வந்தே மூன்று வாரம்தான் ஆகிறது. உடனே ஸ்கேன் செய்தார், அதிகாரியைக் கூட்டி வந்து அனுமதிக்கவும் வைத்தார். மறுபடி திரையைத் திருப்பி, "பாருங்கக்கா, வந்துடுச்சு" என்று காட்டினார். ஒரு மாதமாக இத்தனை பேரிடம் பேசியதில், என்ன நடந்தது என்று காட்டியவர் அவர் ஒருவர்தான்.

மனுவை மேலாளரிடம் கொடுத்து நகலில் சீல் கேட்டேன். "மெயில் அனுப்புங்கள், பேப்பர் வாங்குவதில்லை" என்றார். நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் வாங்கிக்கொண்டார். கடிதம் பற்றிக் கேட்டதற்கு, "ஹெட் ஆபீஸில் கேட்க வேண்டும்" என்றார். இனி என்ன செய்வது?

ஹெட்செட் ஐந்து வருடம்:

ஒரு வங்கியின் அழைப்பு மையத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். உங்கள் போனை எடுத்தவருக்கு உங்கள் கையெழுத்தைப் பார்க்கவும் வழி இருந்திருக்காது, செக் மையத்தில் பேசவும் வழி இருந்திருக்காது. நான் இருந்த இடத்தில் புகாரைக் கிளைக்கு அனுப்பிவிட்டாலே அது 'தீர்க்கப்பட்டது' என்றுதான் கணக்கு. குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் மூட வேண்டும் என்று எங்கள் தலைக்கு மேல் ஒரு பலகையே இருக்கும். அழுதுகொண்டே பேசுகிறவர்களின் புகாரையும் அப்படி மூடியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இனி போன் செய்யாதீர்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

கிளையின் அறிவிப்புப் பலகையில், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி இருக்கும், வங்கியின் இணையதளத்திலும் இருக்கும். அதே ஒரு பக்க மனுவை அவருக்கு அனுப்புங்கள். மூடப்பட்ட மூன்று புகார் எண்களையும் தேதியோடு எழுதுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இணையத்தில் பதியலாம், சந்தேகம் இருந்தால் 14448-க்குப் பேசலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நேராக அங்கே போய்ப் புகார் தள்ளுபடி ஆனவர்களை எனக்குத் தெரியும். மனுவின் கடைசி வரியில், "30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் குறைதீர்ப்பாளரை அணுகுவேன்" என்று மட்டும் எழுதுங்கள். வேறு மிரட்டல் எதுவும் வேண்டாம்.

நோட்டுக்காரம்மா:

எல்லோருக்கும் விவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 10 மிஷின் செக் பாஸ் ஆகிவிட்டது. அன்று காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் மறுநாள்தான் தெரியும். இப்போது போட்ட அன்றே சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஐந்து மணிக்கு முன்பே குறுஞ்செய்தி வந்தது. மிஷின்காரருக்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நோடல் அதிகாரிக்கு எழுதிய ஒன்பதாவது நாள் 590 ரூபாய் கணக்குக்குத் திரும்பியது. கூடவே ஒரு மின்னஞ்சல். கிளியரிங் ஐயா சொன்ன அதே வரி: "சிரமத்துக்கு வருந்துகிறோம்." காரணம் இல்லை, செக் எண்கூட இல்லை. நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். ஆனால் எனக்கு வேண்டிய வாக்கியம் இதில் இல்லை, 177 ரூபாயும் வரவில்லை என்று சொல்லி, அந்த வாக்கியத்தை மறுபடி கீழே எழுதி அனுப்பினேன். அடுத்த எட்டு நாள் சத்தமில்லை. ஒன்பதாம் நாள் கிளையிலிருந்து அந்தப் பெண்தான் கூப்பிட்டார், "அக்கா, உங்க லெட்டர் வந்திருக்கு" என்று.

வங்கித் தாளில், சீலோடு, செக் எண்ணோடு இருந்தது. "வாடிக்கையாளர் 3 ஜூன் அன்று சமர்ப்பித்த மாதிரிக் கையொப்பம் எங்கள் கணினியில் பதிவேற்றப்படாததால் செக் திருப்பப்பட்டது. அன்று கணக்கில் போதிய இருப்பு இருந்தது." இரண்டே வரி. 177 ரூபாயும் வந்தது.

அன்றைக்கே கடைக்குப் போனேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கை இப்போ எப்படிம்மா இருக்கு?" என்றார். மார்ச்சிலிருந்து இதை அவர் கேட்டதில்லை. விழுந்தது அவருக்குத் தெரியும், கையெழுத்தே போய்விட்டது என்பது தெரியாது. நானும் சொன்னதில்லை. செக்கைக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டிராயரைத் திறந்து செக்கையும் மெமோவையும் எடுத்துக் கொடுத்தார். கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, என் பேர் போட்ட ஃபைலில் வைத்துக்கொண்டார். கடன் இப்போதைக்குப் பதினைந்து நாள் என்றார். முப்பது என்று நான் கேட்கவில்லை. ஸ்டாப் பேமென்ட் கொடுத்த அந்தப் பழைய செக்கை வீட்டுக்கு வந்து கிழித்துப் போடப் போனேன். மகள் தடுத்து, மெமோவோடும் கடிதத்தோடும் சேர்த்து உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.

அடுத்த லோடு திங்கட்கிழமை இறங்குகிறது. 52 ரீம். செக் எழுதி, பாசிட்டிவ் பே-யிலும் பதிந்துவிட்டேன்.